வரிசையை மலைமேல் ஏற்றாதீர்கள்: சிறு பனிச்சறுக்கு மலைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சறுக்குபவர்களை ஓடும் கயிற்றில் தொங்கும் நாற்காலியில் மலைமேல் ஏற்றும் பழைய இருவர் லிஃப்டைக் கழற்றிவிட்டு நால்வர் அமரும் அதிவேக லிஃப்டைப் போடலாமா என்ற பேச்சு சிறு மலை ஒவ்வொன்றிலும் ஒருநாள் எழுகிறது. பல மலைகளுக்கும் செல்லுபடியாகும் கூட்டுப் பருவச்சீட்டில் சேரலாமா என்ற கேள்வியும் அதன் பின்னாலேயே வந்துவிடும். இரண்டுக்கும் கையெழுத்திடுமுன், மலையடிவாரத்திலேயே குடியிருக்கும் நாங்கள் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். வேகமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கும் சரக்கு எது என்பதில்தான் எங்களுக்கும் லிஃப்ட் விற்பவர்களுக்கும் வழக்கு. அவர்கள் லிஃப்ட் என்கிறார்கள். நாங்கள் காலிச் சரிவு என்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கயிற்றை நிரந்தரமாகக் கவ்வியிருக்கும் பழைய வகை லிஃப்ட் நொடிக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் நகரும். ஆறு நொடிக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு இருவர் என்றால் நிமிடத்துக்கு 20 பேர், மணிக்கு 1,200 பேர். லிஃப்டின் நீளம் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மேலே போக 10 நிமிடம் ஆகும். சறுக்கி இறங்க 5 நிமிடம். மலையில் 400 பேர் இருந்தால் 200 பேர் நாற்காலியிலும் 100 பேர் சரிவிலும் இருப்பார்கள். மிச்சம் 100 பேர் கீழே வரிசையில் 5 நிமிடம் நிற்பார்கள்.

இனி அதே இடத்தில் அதிவேக லிஃப்டை வையுங்கள். அதன் நாற்காலி நிலையத்துக்குள் வந்ததும் கயிற்றிலிருந்து கழன்று மெதுவாகும், வெளியேறும்போது மறுபடி கவ்விக்கொள்ளும். வேகம் நொடிக்கு 5 மீட்டர். நிமிடத்துக்கு 40 பேர் ஏறுவார்கள், மேலே போக 5 நிமிடம். அதே 400 பேரில் 200 பேர் நாற்காலியில், 200 பேர் சரிவில். வரிசை காலி. நின்றுகொண்டிருந்த அந்த 100 பேர் எங்கே போனார்கள் என்று பாருங்கள்: சரிவுக்குப் போய்விட்டார்கள். சரிவின் நெரிசல் இரட்டிப்பாகிவிட்டது. காலையில் விழுந்திருக்கும் 20 சென்டிமீட்டர் தூள்பனியை முன்பு மணிக்கு 1,200 இறக்கங்கள் உழுதன, இப்போது 2,400 உழும். பத்து மணிவரை தாக்குப்பிடித்த பனி அதற்கு வெகு முன்பே தீர்ந்துபோகும். வரிசையே இல்லை என்ற செய்தி பரவியதும் அடுத்த பருவத்தில் வருவது 400 பேராக இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனைப் பேச்சில் பெரும்பாலும் மழுப்பப்படும் ஒன்று உண்டு. வேகம் மட்டும் ஏற்றும் திறனைக் கூட்டுவதில்லை. நாற்காலிக்கும் நாற்காலிக்கும் உள்ள இடைவெளி நேரமும் இருக்கைகளின் எண்ணிக்கையும்தான் அதை முடிவு செய்கின்றன. மெதுவாக ஓடும் நால்வர் லிஃப்டும் ஆறு நொடி இடைவெளியில் மணிக்கு 2,400 பேரைத்தான் ஏற்றும். மெதுவான கயிறு மனிதர்களை அதிக நேரம் வானத்தில் வைத்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி வானத்தில் இருப்பவர் யார் வழியையும் மறிப்பதில்லை.

பழைய லிஃப்டில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. புதியவர்கள் ஏறும் இடத்தில்தான் அது அடிக்கடி நிற்கிறது. நொடிக்கு 2.5 மீட்டரில் வரும் நாற்காலி கெண்டைக்காலில் மோதும், ஆள் விழுவார், பணியாளர் நிறுத்துபொத்தானை அழுத்துவார். ஒரு மணி நேரத்தில் பத்து முறை அரை நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் போச்சு, அதோடு 100 பேரின் பயணமும் போச்சு. இதற்கு மருந்து ஏறுமிடத்தில் போடும் நகரும் கம்பளப் பட்டை. நாற்காலி போகும் திசையிலேயே ஆளையும் நகர்த்துவதால் மோதும் வேகம் குறைந்துவிடும். கம்பளம் போட முடியாவிட்டால், நாற்காலியின் முதுகைப் பிடித்து வேகத்தை வாங்கி ஆளை உட்காரவைக்கத் தெரிந்த ஒரு நல்ல பணியாளரை நிறுத்துங்கள். வரிசைக் குறையில் கணிசமான பங்கு அங்கேயே தீரும்.

பராமரிப்பிலும் ரகசியம் எதுவும் இல்லை, கெடு தவறாமல் செய்ய வேண்டும் என்பதுதான். நாற்காலியைக் கயிற்றோடு பிணைக்கும் நிலைப்பிடிகள் ஒரே இடத்தில் கவ்விக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் கயிற்றின் கம்பிகள் சோர்ந்து அறும். அதனால் குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு பிடியையும் கயிற்றில் நகர்த்திப் பொருத்த வேண்டும். கழற்றும்போதே விரிசல் சோதனையையும் முடித்துவிடலாம். கோபுர உருளைகளின் ரப்பர் உறை தேய்ந்தால் முதலில் சத்தம் மாறும், பிறகு கயிறு ஒருபக்கம் ஓடும். சத்தம் மாறிய வாரமே உறையை மாற்றுங்கள். கயிறு ஆண்டுக்காண்டு நீளும். கயிற்றை விறைப்பாக வைத்திருக்கும் இழுவிசை எடை அதன் எல்லையைத் தொடுமுன் கயிற்றை வெட்டிச் சுருக்கிப் பின்ன வேண்டும். மின்சாரம் போனால் நாற்காலியில் இருக்கும் 200 பேரையும் இறக்க வேண்டியது டீசல் துணை இயந்திரம். அதை வாரம் ஒருமுறையாவது கயிற்றோடு இணைத்து, சுமையோடு ஓட்டிப் பாருங்கள். வெறுமனே உறுமவைத்துவிட்டு அணைப்பது சோதனை ஆகாது.

ஏற்றும் திறனைக் கூட்டாமலே மலையை நடத்தலாம் என்பது ஏட்டுச்சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் 1936-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து சன் வேலியில் ஓடத் தொடங்கியது. கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கருவியைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. வெர்மான்ட் மாநிலத்தின் மேட் ரிவர் க்ளென் மலையில் 1948-இல் போட்ட ஒற்றை நாற்காலி லிஃப்ட் இருந்தது. 1995-இல் மலையைச் சறுக்குபவர்களின் கூட்டுறவுச் சங்கம் வாங்கிக்கொண்டது. லிஃப்ட் முதுமை அடைந்தபோது, ஏற்றும் திறனைக் கூட்டாமல் 2007-இல் ஒற்றை நாற்காலியாகவே புதுப்பித்தார்கள். நியூசிலாந்தின் கேன்டர்பரி மலைகளில் சங்கங்கள் நடத்தும் சறுக்குத் தளங்களில் நாற்காலியே கிடையாது. அவற்றுள் பலவற்றில், இடுப்புப் பட்டையில் தொங்கும், பாக்குவெட்டி போன்ற இடுக்கியை ஓடும் கயிற்றில் கவ்வவிட்டு மேலே போகிறார்கள். கையுறையைக் கயிறு தின்றுவிடும் என்பதால் அதன்மேல் தோலுறை ஒன்றையும் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாரும் அப்படி மாறுங்கள் என்று கேட்க மாட்டோம், எங்கள் முழங்கைகளும் பாவம். ஆனால் ஏற்றும் திறன் குறைவாக இருப்பதையே பலமாக்கிக்கொண்ட மலைகள் உண்டு.

பக்கத்தில் குடியிருப்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருபவர் முதல் நாற்காலியிலிருந்து கடைசி நாற்காலிவரை சறுக்கியே ஆக வேண்டும், சீட்டுக்குக் கொடுத்தது வீணாகக் கூடாது. மழைத்தூறலோ பனிக்கட்டித் தரையோ அவருக்கு வேறு வழியில்லை. பக்கத்தில் இருப்பவர் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்குப் போய்ப் பத்தரைக்குத் திரும்பிவிடலாம். தரை கெட்டியாக இருந்தால் போகாமலே இருந்துவிடலாம். அவருக்குக் கிடைப்பது நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

இந்த உரிமையின் முழு ருசி தெரிவது வசந்தத்தில்தான். இரவு வானம் தெளிந்து பனி உறைந்து, காலை வெயிலில் மேல் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகும்போது குருணை அரிசி போன்ற மணிப்பனி உருவாகும். வட அரைக்கோளத்தில் முதலில் கிழக்கு பார்த்த சரிவு பதமாகும், அடுத்து தெற்கு, பிற்பகலில் மேற்கு. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. சீக்கிரம் போனால் பல் கிட்டும் கட்டாந்தரை. தாமதித்தால் கணுக்கால்வரை கஞ்சி, முழங்கால் திருகும். இரவு மேகம் மூடியிருந்தால் உறைதலே நடக்காது, அன்று வீட்டில் இருப்பதே மேல். நெரிசல் மலையில் இந்தப் பதம் வருமுன்பே ஆயிரம் பேர் அதைக் குதறிவிடுவார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. கூட்டமே இல்லாமல் மூடிப்போன மலையால் எங்களுக்கும் பயனில்லை. லிஃப்டுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியைக் கோடையில் சரிவுகளைத் துப்புரவாக்கச் செலவிடுங்கள். புதர் வெட்டி, கல் பொறுக்கி, புல் வளர்ந்த பாதையை 30 சென்டிமீட்டர் பனியிலேயே திறக்கலாம். கல்லும் கட்டையுமான பாதைக்கு ஒரு மீட்டர்கூடப் போதாது. பனி குறைந்த ஆண்டில் சில வாரங்கள் முன்னதாகத் திறப்பதும் மூடிக் கிடப்பதும் இதில்தான் முடிவாகும். அரிவாளோடு வர நாங்கள் தயார்.

செயற்கைப் பனியை மலை முழுக்கத் தெளிக்க ஆசைப்படாதீர்கள். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் போட 3,000 கன மீட்டர் பனி வேண்டும், அதற்கு ஏறத்தாழ 13 லட்சம் லிட்டர் தண்ணீர் செலவாகும். லிஃப்டில் ஏறும் இடம், இறங்கும் இடம், எல்லாரும் கடக்க வேண்டிய குறுகலான கழுத்துப் பகுதி, இம்மூன்றும் போதும். வெப்பமானியை மட்டும் பார்க்காமல், காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பாருங்கள். காற்று உலர்ந்து ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் 0 டிகிரியிலும் பனி பிடிக்கும். ஈரக்காற்றில் மைனஸ் 2 டிகிரியில்கூடச் சொதசொதவென்று விழுந்து, மறுநாள் கண்ணாடிப் பாளமாகும்.

பருவச்சீட்டை வசந்தத்திலேயே விற்றுவிடுங்கள். பனி வருமுன் கையில் பணம் இருந்தால் மழைபெய்த டிசம்பர் உங்களைக் கொல்லாது. எபிக் சீட்டு 2008-இலும் ஐகான் சீட்டு 2018-இலும் விற்பனைக்கு வந்தபின் கூட்டுச்சீட்டு என்பது தொழிலின் வழக்கமாகிவிட்டது. சேரத்தான் வேண்டுமென்றால் விடுமுறை நாட்களை விலக்கி, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கார் நிறுத்துமிடத்தையும் பெரிதாக்காதீர்கள். இடம் நிறைந்ததும் கேட்டை மூடுவதைப் போல எளிய, நேர்மையான கூட்டக் கட்டுப்பாடு வேறில்லை.

கூட்டமில்லாத மலைக்கென்று ஓர் ஆபத்து உண்டு, அதை மறைப்பது முறையல்ல: விழுந்தால் பார்க்க ஆள் இருக்காது. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கடியில் பனி நிரம்பாமல் குழி இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவர் அசைய அசைய மேலிருந்து பனி சரிந்து மூச்சை அடைக்கும், தானாக வெளியேறுவது மிக அரிது. மரங்களுக்கிடையே இருவராகத்தான் போக வேண்டும், ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்க வேண்டும், கழுத்தில் விசில் வேண்டும் என்று ஏறுமிடத்திலேயே பலகை வையுங்கள். மூடும் நேரத்தில் ரோந்துக் குழு மேலிருந்து ஒவ்வொரு பாதையாகக் குரல் கொடுத்தபடி இறங்குவதை ஆள் பற்றாக்குறை என்று ஒருநாளும் விடாதீர்கள். விடியலில் சறுக்கின் அடியில் பின்னோக்கி வழுக்காமல் தடுக்கும் தோல்பட்டை ஒட்டி நடந்து ஏறும் எங்களுக்கென ஓரமாக ஒரு பாதை குறித்துக் கொடுங்கள். செங்குத்தில் பனி சமன்செய்யும் வண்டியைத் தாங்கும் இரும்புக் கம்பி பல நூறு மீட்டர் நீளும். பனிக்கடியில் கிடக்கும் அது விறைத்து எழும்பினால் எதிரில் இருப்பவர் பிழைப்பது அரிது. அந்தக் கம்பி கட்டியிருக்கும் இரவுகளில் நடைபாதையை மூடி, மாலை ஐந்துக்குள் அறிவியுங்கள். அதற்காக நாங்கள் முணுமுணுக்க மாட்டோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். லிஃப்ட் பற்றி முடிவெடுக்குமுன் ஒரு பருவம் முழுக்க, சனி ஞாயிறுகளில் கால் மணிக்கொருமுறை இரண்டு எண்களைக் குறித்து வாருங்கள்: கீழே வரிசையில் எத்தனை பேர், அதே நேரத்தில் சரிவில் எத்தனை பேர். லிஃப்ட் எத்தனை முறை, எத்தனை நொடி, எதனால் நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தாளைச் சீட்டு விற்குமிடத்துச் சுவரில் ஒட்டுங்கள். எண்ண ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், முறை வைத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
மலையடிவாரக் குடியிருப்பாளர்கள்