கப்பலில் பேரம் பேசிக் கிட்டங்கியில் கோட்டை விடுகிறோம்

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணையாளர்களுக்கும் தீவன ஆலைக்காரர்களுக்கும் வணக்கம்.

முட்டை விலை 5 காசு இறங்கினால் அன்று முழுக்கத் தொலைபேசியில் புலம்புகிறோம். ஒரு கோழி நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்கிறது. அதில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். சோளத்தில் கிலோவுக்கு 1 ரூபாய் மிச்சம் பிடித்தால், அந்த 5 காசு அங்கேயே வந்துவிடும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து உள்நாட்டுச் சோளம் விலையேறி, நாமும் கப்பலில் வரும் வெளிநாட்டுச் சோளத்தைத் தேடினோம். மிச்சத்தையும் கப்பல் விலையிலேயே தேடுகிறோம். அதுவோ தூத்துக்குடிக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் சிந்திக்கிடக்கிறது.

கப்பலிலிருந்து கிராப் (கிரேனில் தொங்கும் அள்ளுவாளி) அள்ளி லாரியில் கொட்டுகிறது. லாரி கிட்டங்கியில் கொட்டுகிறது. அங்கே சாக்கில் பிடித்து, தைத்து, அட்டியடுக்கி, மறுபடியும் லாரியில் ஏற்றுகிறார்கள். 300 கிலோமீட்டர் தாண்டி இங்கே வந்ததும் நாம் செய்யும் முதல் வேலை, தைத்த வாயைப் பிரித்துக் குழியில் கொட்டுவது! சாக்கு, தையல், ஏற்றுகூலி, கிட்டங்கி வாடகை எல்லாம் இதற்காகத்தான்.

போன ஐப்பசியில் என் லோடு ஒன்று கிட்டங்கியில் மூன்று வாரம் கிடந்தது. உள்ளே போகும்போது ஈரப்பதம் 13 சதவீதம். வெளியே வரும்போது 15. அடி அட்டியில் பூஞ்சணம். மலிவாக வாங்கியதாகப் பெருமையடித்த சோளம் அது.

ரயிலில் கொண்டுவரலாம் என்பார்கள். பீகார்ச் சோளத்துக்குச் சரி. ஒரு முழு ரேக், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயில், சுமார் 2,600 டன்; அந்தத் தூரத்துக்கு அதை விட்டால் வழியில்லை. துறைமுகத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கு, ஏற்ற ஒரு கூலி, கூட்ஸ் ஷெட்டில் இறக்க ஒரு கூலி, அங்கிருந்து மீண்டும் லாரி. எனக்குக் கணக்குக் கட்டவில்லை. (ஏற்றுமதி முட்டையை ஏற்ற வரும் ரீஃபர் (குளிரூட்டிய) கண்டெய்னர்கள் துறைமுகத்திலிருந்து காலியாகத்தானே வருகின்றன என்று ஒரு நண்பர் கேட்டார். முட்டை போகும் பெட்டியில் சோளத்தூசியா? வேண்டாம்.)

ஆகவே கப்பலடியிலிருந்தே சாக்கில் பிடிக்காமல் உதிரியாக, தார்ப்பாய் கட்டிய லாரியில், நேராக ஆலைக்கு. தனியாளாக முடியாது. பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால், கப்பல் வரும் நாளுக்கு லாரிகளை முன்கூட்டியே பேசலாம். எடைமேடையில் வரிசை நிற்பதும் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் கப்பல் வராமல் பார்த்துக்கொள்வதும் நம் கையில்தான்.

ஒருநாள் கூடிப் பேசுவோம்; உங்கள் கடைசி லோடின் பில்களோடு வாருங்கள். சாக்கு, கூலி, வாடகை மூன்றையும் தனியே கூட்டி வையுங்கள். முதலில் என் பில்லை விரிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு பண்ணைக்காரன்