கணக்கு எழுதிய அக்காவுக்கும், கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். எங்கள் முதியோர் இல்லத்தைக் காப்பாற்ற ஃபேஸ்புக்கில் பதிவு போட்டு உங்களிடம் கேட்ட தொகை சேர்ந்துவிட்டது. இல்லத்தை மூட வேண்டியதில்லை. பெரியவர்கள் யாரும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதில்லை. நேற்று ராத்திரியே இதை ஒரு வரியில் போட்டுவிட்டோம். ஆனாலும் இன்னொரு முறை எழுத வேண்டும் போல இருக்கிறது. எழுதும்போது இப்போதும் கண் கலங்குகிறது.

என்ன நடந்தது, எதனால் நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்களோடு சேர்ந்து தூக்கம் கெட்டவர்கள் நீங்கள். அதை மறுபடி கிளற மனம் இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு. முதல் பதிவைப் பகிர்ந்தவர்களுக்கு, குழுக்களில் அதை மேலே பின் செய்து வைத்த அட்மின்களுக்கு, பதிவை வேறு மொழிகளில் எழுதித் தந்தவர்களுக்கு, போஸ்டர் வரைந்து கொடுத்த தம்பிக்கு, பிறந்தநாளுக்குப் பரிசு வேண்டாம் என்று சொல்லி அந்தப் பணத்தை இங்கே திருப்பிவிட்ட பிள்ளைகளுக்கு, வேறு நேரத்தில் விடியும் நாடுகளில் இருந்துகொண்டு நாங்கள் தூங்கும் நேரத்தில் பதிவை உயிரோடு வைத்திருந்தவர்களுக்கு, பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவர்களுக்கு. "இவ்வளவுதான் முடிந்தது, மன்னிக்கணும்" என்று எழுதி அனுப்பியவர்கள் நிறையப் பேர். நீங்கள் மன்னிப்புக் கேட்ட அந்தத் தொகைகள் சேர்ந்துதான் எங்கள் கூரை நின்றது.

உங்கள் எல்லோரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு, இந்த மடலில் பெரும்பகுதியை ஒரே ஒருவருக்குக் கொடுக்கப் போகிறேன். அவர் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

பதிவு பரவ ஆரம்பித்த சமயத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "என்னால் பணம் தர முடியாது. ராத்திரி இரண்டு மணி நேரம் தர முடியும். கணக்கு எழுதத் தெரியும். வேண்டுமா?" அவ்வளவுதான் செய்தி. அப்போது எங்களுக்குப் பணத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தெம்பில்லை. கருத்துப் பகுதியிலோ ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: "இது உண்மையா? பணம் எங்கே போகிறது?" கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. இரக்கத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பெரியவர்களுக்கு மருந்து கொடுத்து, படுக்க வைத்து, ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், ஒவ்வொருவருக்கும் பதில் எழுத எங்களில் யாருக்கும் கை ஓடவில்லை. சரி அக்கா, வாருங்கள் என்றோம்.

அன்று ராத்திரியே ஒரு அட்டவணை வந்தது. தேதி, கொடுத்தவர் பெயரின் முதல் எழுத்து, தொகை, எந்த வழியில் வந்தது, அதிலிருந்து என்ன செலவானது, செலவுக்கு ரசீது எங்கே என்று எல்லாம் அதில் இருந்தது. அடியில் மொத்தம். அதற்கும் அடியில் ஒரு வரி: "இதில் உங்கள் தொகை இல்லையென்றால் தயவுசெய்து சொல்லுங்கள், இன்றைக்கே தேடுகிறேன்." அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட அந்த அட்டவணை தவறவில்லை.

எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் அதற்கென்று தனி வரி உண்டு. 'மற்றவை' என்று மொத்தமாகத் தள்ளும் பழக்கமே அவரிடம் கிடையாது. இத்தனை வரி எதற்கு, கை வலிக்காதா என்று ஒருநாள் கேட்டேன். பதிலுக்கு ஒரு பழைய கதை சொன்னார். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையை நிறுத்தப் பீடம் கட்டப் பணம் போதாமல் வேலை நின்றுபோயிருந்தது. 1885-ல் ஜோசப் புலிட்சர் தன்னுடைய 'வேர்ல்ட்' பத்திரிகையில் மக்களிடம் கேட்டார். எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை அச்சில் போடுவேன் என்று சொல்லி, போடவும் செய்தார். சில மாதங்களிலேயே 1 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. "அன்றைக்குப் பத்திரிகை, இன்றைக்கு ஃபேஸ்புக். தன் வரி அங்கே இருக்கிறதா என்று மனுஷன் பார்ப்பான். இருந்தால் இன்னும் நாலு பேரிடம் சொல்வான்" என்றார் அக்கா.

அப்படித்தான் ஆனது. அட்டவணை வர ஆரம்பித்த பிறகு, எங்கள் முதல் பதிவைவிட அதைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள்.

ஒரு சம்பவத்தை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே தொகை, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை வந்திருந்தது. சின்னத் தொகைதான். மொத்தத்தில் சேர்த்து எழுதிவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா அந்த இரண்டு வரிகளையும் மஞ்சள் நிறம் அடித்து வைத்துவிட்டு, அனுப்பியவரைத் தேடிப் பிடித்து எழுதினார்: "நெட்வொர்க் சிக்கலில் இரண்டு முறை அழுத்தியிருக்கிறீர்கள் போல. ஒன்றைத் திருப்பி அனுப்புகிறோம்." அவர் சொன்னபடி நாங்களும் திருப்பினோம். மறுநாள் காலை அதே தொகை மறுபடி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "ஆமாம், தெரியாமல்தான் இரண்டு முறை அழுத்தினேன். இது தெரிந்தே அழுத்துவது." அக்கா அந்த மஞ்சளை அழிக்கவே இல்லை. இன்றும் அட்டவணையில் அந்த வரிகள் மஞ்சளாகத்தான் இருக்கின்றன.

சந்தேகம் கேட்டவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் தனி. ஒரு பெரியவர் நாள் தவறாமல் வந்து ஒவ்வொரு ரசீதாகக் கேள்வி கேட்டார். இது யாருடைய கையெழுத்து, இந்தத் தேதி ஏன் மாறியிருக்கிறது, மருந்துக் கடைக்காரர் ஏன் இரண்டு பில் கொடுத்தார் என்றெல்லாம். எங்களில் சிலருக்குக் கோபம்கூட வந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்துப் போட்டுப் பதில் சொல்லி, முடிவில் "கேட்டதற்கு நன்றி ஐயா, நாளைக்கும் பாருங்கள்" என்று எழுதுவார். அந்த ஐயா பணம் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. அக்கா தேடிப் பார்க்கவும் இல்லை. அந்த ஐயாவுக்கும் இந்த மடலில் எங்கள் நன்றி உண்டு. நீங்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்களைப் படித்துவிட்டுத்தான் பலர் நம்பினார்கள்.

இதில் அக்கா ஏன் இவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கும் ஒரு காரணம் சொன்னார். 2020-ல் இங்கிலாந்தில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ கேப்டன், தன் நூறாவது பிறந்தநாளுக்கு முன்னால் வீட்டுத் தோட்டத்தில் வாக்கரைப் பிடித்தபடி நூறு முறை நடந்து 1,000 பவுண்டு திரட்டலாம் என்று நினைத்தார். அந்த நாட்டின் பொது மருத்துவச் சேவைக்கு உதவும் அறக்கட்டளைகளுக்காக அவர் பெயரில் சேர்ந்தது 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கும் மேல். அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. ஆனால் அவர் பெயரில் பிறகு தனியாகத் தொடங்கிய அறக்கட்டளை விஷயத்தில் குடும்பத்தார் நடந்துகொண்ட விதத்தைக் கடுமையாகக் குறை சொல்லி, அங்குள்ள அறக்கட்டளை ஆணையம் 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. "அந்தத் தாத்தா நடந்த ஒவ்வொரு அடியும் சுத்தமானது. பிற்பாடு அவர் பெயரைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டியதாகிவிட்டதே. நம் பெரியவர்களுக்கு அப்படி ஒரு பேச்சு வரக் கூடாது" என்றார். இதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. யாரென்றே தெரியாத பெரியவர்களின் மானத்தை இவர் ஏன் தன் தலைமேல் சுமக்கிறார் என்று அன்று ராத்திரி வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அவர் கற்றுக்கொடுத்ததுதான். இதைத் தனியாகச் சொல்கிறேன், நாளைக்கு உங்களில் யாருக்காவது உதவும். ஒரு செய்தி பல கை மாறி வந்தால், வாட்ஸ்அப்பில் அதன் தலையில் இரட்டை அம்புக்குறி விழுகிறது, பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்தி என்று. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். வதந்தியைத் தடுக்க வந்த ஏற்பாடு அது, நல்லதுதான். ஆனால் உண்மையாக உதவி கேட்டு வரும் செய்தியின் தலையிலும் அதே அம்புக்குறிதான் விழும். பார்க்கிறவர் இது ஏதோ பழைய புரளி என்று தள்ளிவிடுவார். அதனால் அக்கா, "ஃபார்வர்ட் பண்ணச் சொல்லாதீர்கள். தெரிந்தவர்களுக்கு அவரவர் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்" என்றார். நீங்கள் அப்படி எழுதியதை எங்களுக்கும் அனுப்பினீர்கள். "என் பாட்டியும் கடைசி வருஷங்களில் இப்படி ஒரு இடத்தில்தான் இருந்தாள்" என்று ஆரம்பித்து ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் எவ்வளவு முயன்றாலும் அப்படி ஒரு வரி எங்களுக்கு வந்திருக்காது.

எங்கள் போஸ்டர் படத்தையே எடுத்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி ஒரு போலிப் படம் சுற்றியதே, அதைக் கண்டுபிடித்ததும் அக்காதான். ராத்திரியோடு ராத்திரியாக அதை ரிப்போர்ட் செய்து இறக்க வைத்த அத்தனை பேருக்கும் நன்றி. இனி எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் தேதி இருக்கும்.

அப்புறம், பெரியவர்களைப் பற்றி. அவர்கள் அழுகிற மாதிரி படம் போடுங்கள், உடனே பணம் கொட்டும் என்று பலர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். நாங்கள் போடவில்லை. அவர்கள் ஒரு காலத்தில் வீடு நடத்தியவர்கள், கடை நடத்தியவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர்கள். அந்த முகங்களை இரக்கத்துக்காகக் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. படம் இல்லாமலேயே நீங்கள் கொடுத்தீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

கண் பார்வை மங்கிப்போன பாட்டி ஒருவர் தினமும் சாயங்காலம் அந்த அட்டவணையைப் படித்துக் காட்டச் சொல்வார். தொகையில் அவருக்கு அக்கறை இல்லை, பெயர்தான் வேண்டும். முதல் எழுத்து மட்டும்தான் இருக்கிறது பாட்டி என்றால், "பரவாயில்லை, எழுத்தையே சொல்லு" என்பார். க, ம, சு, ஜா என்று நான் வாசிப்பேன். ஒவ்வொரு எழுத்துக்கும் "நல்லா இருக்கட்டும்" என்பார். பட்டியல் நீண்ட நாட்களில் என் குரல்தான் கம்மிப்போகும். பாட்டி ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. உங்கள் எழுத்துக்கும் சொல்லியிருக்கிறார்.

எங்களுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பது இப்போது மனதை அரிக்கிறது. அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை இணையத்தில் நடந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ நிதி திரட்டல்களை ஆராய்ந்தவர்கள், இலக்கைத் தொட்டவை ஏறக்குறைய 12 விழுக்காடுதான் என்று கண்டார்கள். மற்றவர்களுடைய கஷ்டம் எந்த விதத்தில் குறைந்தது? அவர்களுக்கு உங்களைப் போன்ற நண்பர்கள் வாய்க்கவில்லை, ராத்திரியில் வந்து கதவைத் தட்டும் ஒரு அக்கா வாய்க்கவில்லை. எங்களுக்கு வாய்த்தது, கிட்டத்தட்ட அவ்வளவுதான் வித்தியாசம். இதை நினைத்தால் சந்தோஷத்தோடு சேர்ந்து ஒரு பாரமும் வருகிறது.

அதனால் நாங்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் இல்லத்தின் வரவு செலவு இதே அட்டவணையில் வெளியாகும், பணம் கேட்காத மாதங்களிலும். அக்காவின் அட்டவணையை யார் கேட்டாலும் கொடுப்போம். உண்மையான தேவைக்காக உதவி கேட்டு நிற்கிற யாருக்காவது கணக்கு எழுத ஆள் இல்லையென்றால் எங்களுக்கு எழுதுங்கள். எங்களில் ஒருவர் ராத்திரி இரண்டு மணி நேரம் உட்காருவார். பணமாக உதவ எங்களால் முடியாது. இது முடியும். தேவைக்கு மேல் வந்த தொகை எவ்வளவு என்பது கடைசி அட்டவணையில் இருக்கிறது. அதை என்ன செய்யலாம் என்று உங்களிடமே கேட்டுவிட்டுத்தான் தொடுவோம்.

அக்கா, இதை நீங்கள் படிப்பீர்கள், எங்கேயாவது கூட்டல் தவறியிருக்கிறதா என்றும் பார்ப்பீர்கள். உங்களுக்குப் பணக் கஷ்டம் இருந்த நேரத்தில் எங்களுக்காக விழித்திருந்தீர்கள். ஒருமுறையாவது இல்லத்துக்கு வாருங்கள். பாட்டிக்கு உங்கள் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டேன், அவரிடம் மட்டும். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லோருக்கும் கடைசியாக ஒரு வேண்டுகோள். உதவி கேட்ட அந்தப் பழைய படம் இன்னும் பல மாதங்களுக்குக் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கே பார்த்தாலும் அதன் கீழே "தொகை சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று பதில் போட்டுவிடுங்கள். அனுப்ப நினைத்தவர்களிடம், பக்கத்தில் தேவையோடு இருக்கும் வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
இல்லத்துப் பெரியவர்கள் சார்பிலும், இங்கே வேலை பார்க்கும் எல்லோர் சார்பிலும்