வீக்கம் வடிந்தால் போதாது: வாலிபால் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு வாலிபால் பயிற்சியாளர்களுக்கு, வணக்கம்.

காலேஜ் டீமில் ஆடிய காலத்தில் பிளாக் போட்டுவிட்டு இறங்கும்போது வலைக்கடியில் எதிரணிக்காரர் பாதத்தின் மேல் இறங்கிவிட்டேன். கணுக்கால் மடக்கென்று பிசகியது. ஐஸ் வைத்தோம், கிரேப் பேண்டேஜ் சுற்றினோம், ஊரில் சுளுக்கு எடுக்கும் பாட்டி நல்லெண்ணெய் போட்டு அழுத்தி நீவியும் விட்டார் (புதுக் காயத்தில் அதைச் செய்யவே கூடாது, இப்போது பிசியோவாக இருந்துகொண்டு சொல்கிறேன்). மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்தது. கோச் கிரவுண்டை இரண்டு ரவுண்டு ஓடச் சொன்னார், ஓடினேன், சரி இறங்கு என்றார். அந்த சீசனுக்குள் அதே கால் இன்னும் இரண்டு தடவை பிசகியது, அதில் ஒன்று பஸ் ஸ்டாண்டில் சும்மா நடந்து போகும்போது.

அவர் மேல் கோபமில்லை. ஆனால் இன்றும் என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஜவ்வு என்பது எலும்பைக் கட்டியிருக்கும் வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன, ஜவ்வு கிழியும்போது அவையும் அடிபடலாம் என்று ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1965-லேயே எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தன. திரும்பத் திரும்பப் பிசகும் காலில், வெளிப்பக்கத் தசைகளுக்கு மூளை கட்டளை அனுப்புவதே மந்தப்படுகிறது, பாதத்தைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு கண்ணை நம்பி நிற்கப் பழகிவிடுகிறது. ஆட்டத்தில் கண் எங்கே இருக்கும்? பந்து மேல்தானே.

அதனால் காலையும் மூளையையும் சேர்த்துத்தான் பழக்க வேண்டும். வலியில்லாமல் நடக்க ஆரம்பித்ததும் (நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியாத பிள்ளையை முதலில் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்) ஒற்றைக்காலில் நிற்க வையுங்கள். அது வந்ததும் மடித்த சாக்கின் மேல். அப்புறம் கண்ணை மூடி. அதுவும் வந்த பிறகு பந்தை எறியுங்கள், எறியும்போதே விரல் காட்டி எத்தனை என்று கேளுங்கள். தலையில் மின்முனை ஒட்டி லேசான மின்சாரம் கொடுத்துக்கொண்டே பாதப் பயிற்சி செய்ய வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சியெல்லாம் வெளிநாட்டில் நடக்கிறது. நமக்கு இப்போதைக்கு சாக்கு போதும்.

பேலன்ஸ் பயிற்சிக்கு ஆதாரம் உங்கள் ஆட்டத்திலேயே இருக்கிறது. நெதர்லாந்தில் 2001-02 சீசனில் 116 வாலிபால் அணிகளை வைத்துப் பார்த்தார்கள். பேலன்ஸ் பலகையில் பயிற்சி எடுத்தவர்களில், ஏற்கெனவே கணுக்கால் பிசகியவர்களுக்கு மறுபடி பிசகுவது குறைந்தது. முட்டிவலி இருந்தவர்களுக்கு முட்டித் தொல்லை கூடவும் செய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுக்காதீர்கள்.

அடுத்த தடவை ஒரு பையன் "வலியே இல்லை சார்" என்று வந்து நின்றால் ரவுண்டு ஓட விடாதீர்கள். சாக்கின் மேல் ஒற்றைக்காலில் நிற்கவைத்து, பந்தைப் பிடித்துக்கொண்டே 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 93, 86, 79... அங்கேயே கால் ஆடிவிட்டால் அவர் இன்னும் பெஞ்சில்தான்.

இப்படிக்கு,
பழைய பிளாக்கர் ஒருவன்