அடிக்குரலைப் பிடித்துக்கொண்டு மூன்று நூற்றாண்டுகள்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. முழங்கால் தேறி மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் பெரிய ஆறுதல். பேத்தி பியானோவில் அடுத்த கிரேடுக்குத் தயாராகிறாள் என்பது இன்னும் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

மேற்கத்திய இசையைப் பரோக், கிளாசிக்கல், ரொமான்டிக், இருபதாம் நூற்றாண்டு என்று புத்தகங்கள் பிரிக்கிற பிரிவுகள் படிக்கும்போது புரிகின்றன, கேட்கும்போது கலந்துபோகின்றன என்று எழுதியிருந்தாய். அந்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக விளக்கிப் பயனில்லை. எல்லாக் காலத்திலும் புழங்கிய ஒரே ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காலமும் அதை என்ன செய்தது என்று பார்ப்பதுதான் காதுக்கு எட்டும் வழி. நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது கிரவுண்ட் பேஸ். அடியில் ஒரு சின்ன பேஸ் வரி, அதாவது மிகக் கீழ்க்குரலின் வரி, திரும்பத் திரும்ப வரும். மேலே இசை மாறிக்கொண்டே போகும். பாசகாலியா, ஷக்கான் என்ற பெயர்களில் வருவதும் இந்தக் குடும்பந்தான். இரண்டுக்கும் வேறுபாடு சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இசையமைப்பாளர்களே அதைக் கறாராகப் பின்பற்றவில்லை, நீயும் கவலைப்படாதே.

முதலில் ஆங்கில இசையமைப்பாளர் பர்சலின் ‘டிடோ அண்ட் ஈனியஸ்’ ஆபெரா, 1689ஐ ஒட்டியது. அதன் கடைசியில் நாயகி டிடோ சாகும் முன் பாடும் பாட்டைக் கேள். சுருதி ஜி மைனர் (மைனர் என்றால் சோகச் சாயல், மேஜர் என்றால் வெளிச்சமான சாயல்), மெதுவான மூன்று எண்ணிக்கை. பேஸ் வரி ஐந்து பார், அதாவது ஐந்து தாள ஆவர்த்தம், நீளம். ஜி-யை ஸட்ஜமாக வைத்துக்கொள்: ஸ, காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம் என்று அரையரை ஸ்வரமாக இறங்கும், பிறகு நான்கு ஸ்வரத்தில் முடிப்புக் கட்டி மறுபடி ஸட்ஜத்துக்கு வரும். பாட்டு முழுக்க இது 11 தடவை. முதல் தடவை பேஸ் மட்டும் தனியாக வரும். அப்போதே அதை முணுமுணுத்து மனசில் ஏற்றிக்கொள். பர்சலின் கெட்டிக்காரத்தனம், பாடகியின் வரி பேஸோடு சேர்ந்து முடிவதில்லை என்பதில் இருக்கிறது. பேஸ் ஐந்து ஐந்து பாராகச் சுற்றுகிறது. குரலின் முதல் வாக்கியம் ஒன்பது பார். பேஸ் முடிந்து புதிதாகத் தொடங்கும் இடத்தில் குரல் நடு வாக்கியத்தில் இருக்கும். அதனால்தான் இத்தனை தடவை வந்தும் அலுப்புத் தட்டுவதில்லை; விதி ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கிறது, அவள் அதற்கு மேலே தன் பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறாள். தன்னை நினைவில் வைக்கச் சொல்லி அவள் ஒரே பஞ்சமத்தில் நின்று நின்று கேட்டுவிட்டு மேல் ஸட்ஜத்துக்குத் தாவும் இடத்தை எத்தனை முறை கேட்டாலும் போதாது. ஜேனட் பேக்கர் 1961இல் பாடிய பதிவைத் தேடிக் கேள்.

இறங்கும் பேஸைப் பர்சல் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் மொன்டெவெர்டி 1638இல் வெனிஸில் வெளியிட்ட எட்டாம் மாட்ரிகல் (பல குரல் பாட்டு) தொகுப்பில், காதலனை இழந்த பெண்ணின் புலம்பல் ஒன்று இருக்கிறது. அங்கே நான்கே ஸ்வரம்: ஸ, கைசிகி நி, சுத்த த, ப. பர்சல் இடையிலுள்ள அரை ஸ்வரங்களையும் நிரப்பினார், அவ்வளவுதான். இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து எங்கும் புலம்பல் என்றால் இந்த இறக்கம் என்று அந்த நூற்றாண்டில் வழக்கமாகியிருந்தது.

பரோக் காலத்துக்கு இது ஏன் இயல்பாக வந்தது என்றால், அவர்கள் இசையைக் கட்டியதே அடியிலிருந்துதான். இசையமைப்பாளர் பேஸ் வரியை எழுதி அதனருகே எண்களைக் குறிப்பார். செல்லோக்காரர் அந்த வரியை வாசிப்பார். ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைக்கருவி) வாசிப்பவர் இடது கையில் அதையே வாசித்து, எண்களைப் பார்த்து வலது கையில் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்துகளை) தாமே நிரப்புவார். கீழ்த்தளம் அத்தனை உறுதியாக இருக்கும்போது அதையே சுற்றவிட்டு மேலே விளையாடலாம் என்று தோன்றாமல் இருக்குமா?

பாக்கிடம் வந்தால் இரண்டு உச்சங்கள். முதலாவது, ஆர்கனுக்கான சி மைனர் பாசகாலியா. பெடலில் காலால் வாசிக்கும் எட்டுப் பார் வரி, 15 ஸ்வரம், முதலில் துணையில்லாமல் வரும். அதன் முதல் பாதி ஆந்த்ரே ரெய்சோன் என்ற பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் 1688இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது; பாக் அதை இரட்டிப்பாக நீட்டினார். இந்த வரிதான் கருப்பொருள்; அதன் மேல் இருபது வேரியேஷன் (மாற்றுருவச் சுற்று). 11ஆவதில் கருப்பொருள் பெடலை விட்டு மேல்குரலுக்கு ஏறும். அப்போது காலடியில் ஒன்றும் இல்லாமல் மிதப்பது போலிருக்கும். சில வேரியேஷன் கழித்து அது பெடலுக்குத் திரும்பும்போது கட்டடமே அதிரும். இருபதும் சி மைனரை விட்டு நகர்வதில்லை. அது முடிந்த கையோடு கருப்பொருளின் முதல் பாதியை எடுத்து ஒரு ஃபியூக் தொடங்குகிறார். ஒரு குரல் சொன்னதை அடுத்த குரல் வேறு சுருதியில் தொடர்ந்து சொல்லும் அந்த வடிவத்தில்தான் இசை வெளியே கிளம்பி மற்ற சுருதிகளுக்குப் போகிறது. அவ்வளவு நேரம் அடைத்து வைத்ததன் பலன் அங்கே கிடைக்கிறது.

இதைக் கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதே. அந்தக் கருப்பொருளின் கடைசி ஸ்வரம் 16 அடிக் குழலில் சுமார் 33 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. மேலொலிகள் மட்டும் வரும், காது மிச்சத்தை ஊகிக்கும். கிரவுண்ட் பேஸ் புரியவில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்கு அந்த பேஸ் காதில் விழவே இல்லை. காதை மூடும் ஹெட்ஃபோன் வைத்துக்கொள். இன்னொன்று, இந்த வரி பாரின் முதல் அடியில் தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய மூன்றாம் அடியில் தொடங்குகிறது. முதல் ஸ்வரத்தை ‘ஒன்று’ என்று எண்ணினால் எட்டுப் பாரும் தப்பிப்போகும்.

இரண்டாவது, தனி வயலினுக்கான டி மைனர் பார்ட்டிட்டாவின் (பல பகுதித் தொகுப்பின்) ஷக்கான். பாக்கின் கைப்பட எழுதிய பிரதியில் 1720 என்ற ஆண்டு இருக்கிறது. நான்கு பார் வீதம் அறுபதுக்கும் மேற்பட்ட சுற்றுகள். முதல் 132 பார் மைனர், பிறகு 208 வரை மேஜர், மறுபடி மைனர். இங்கே பேஸ் ஸ்வரம் பிசகாமல் திரும்புவதில்லை. சில இடத்தில் பர்சலின் அரையரை இறக்கமாக மாறுகிறது, சில இடத்தில் ஸ்வரமே மறைந்து கார்டுகளின் போக்கு மட்டும் மிஞ்சுகிறது. வயலினின் வளைந்த பாலத்தின் (தந்திகளைத் தாங்கும் கட்டையின்) மேல் இருக்கும் நான்கு தந்திகளையும் வில்லால் ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் கார்டைக் கீழிருந்து மேலாக உடைத்து வாசிக்க வேண்டும். வாசிப்பவர் அவசரப்பட்டால் கீழ் ஸ்வரம் ஒரு கீறலாகப் போய்விடும், பேஸ் வரி அறுந்துவிடும். நல்ல வாசிப்புக்கு உரைகல் இதுதான்: மேல் வரி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடி வரி தொடர்ந்து கேட்கிறதா? இதில் தொடக்கம் மூன்றில் இரண்டாம் அடி. எண்ணும்போது கவனம்.

பாக் 1750இல் மறைகிறார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்த வடிவம் ஓரம் போய்விடுகிறது. ஏன் என்பதுதான் கிளாசிக்கல் காலத்தைப் புரியவைக்கும் கேள்வி. உன் பேத்தி சீக்கிரமே மோட்ஸார்ட்டின் 1788ஆம் ஆண்டு சி மேஜர் சொனாட்டாவுக்கு வருவாள், அவர் படைப்புப் பட்டியலில் கே. 545. இடது கையைக் கவனி: சி, ஜி, ஈ, ஜி என்று கார்டைப் பிரித்து உருட்டிக்கொண்டிருக்கும். பேஸ் இப்போது துணைக்கு வந்தவர். வீட்டுக்காரர் வலது கை மெலடி. அதைவிட முக்கியம், இசை பயணம் போகிறது. முதல் கருப்பொருள் சி மேஜரில், இரண்டாவது ஜி மேஜரில். நடுப்பகுதியில் பல சுருதிகளில் அலைச்சல். பிறகு முதல் கருப்பொருள் திரும்புகிறது. வழக்கப்படி அது சி மேஜரில் திரும்ப வேண்டும். இந்தச் சொனாட்டாவில் மட்டும் 42ஆம் பாரில் எஃப் மேஜரில் திரும்பி, பிறகுதான் வீட்டுக்கு வருகிறது. இப்படிப் போய்வரும் தூரத்தில்தான் சொனாட்டா வடிவத்தின் சுவை இருக்கிறது. ஐந்து பாருக்கு ஒருமுறை ஸட்ஜத்துக்கு இழுத்து வரும் பேஸை வைத்துக்கொண்டு எங்கே பயணம் போவது?

பீட்டோவன் அதை மறக்கவில்லை. 1806இல் பியானோவுக்கு எழுதிய சி மைனர் 32 வேரியேஷன்களில் எட்டுப் பார் கருப்பொருள். அடியில் பேஸ் அதே அரையரை இறக்கம். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடந்தான். 1805இல் பொது அரங்கேறிய மூன்றாம் சிம்பொனியின் கடைசிப் பகுதி அதைவிட அழகு. தந்திக் கருவிகளை விரலால் மீட்டி ஒரு வெற்று வரி வருகிறது. அதன்மேல் இரண்டு வேரியேஷன். பிறகு ஒரு மெலடி மேலே வந்து உட்காரும்போதுதான், இதுவரை கேட்டது பேஸ் மட்டுமே என்று நமக்குத் தெரிகிறது. பேஸ், மெலடி இரண்டில் யார் பெரியவர் என்ற இரண்டு காலத்து வழக்கை ஒரே பகுதியில் நடத்திக் காட்டிவிட்டார்.

அடுத்து பிராம்ஸ். எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்தது அவருடைய நான்காம் சிம்பொனியின் கடைசிப் பகுதிதான். எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதே. 1885 அக்டோபர் 25 அன்று மைனிங்கனில் அவரே நடத்தி அரங்கேற்றினார். பாக்கின் 150ஆம் கன்டாட்டாவின் (தேவாலயக் குழுப்பாட்டுப் படைப்பின்) கடைசிக் கோரஸ் பேஸை எடுத்து, நடுவில் ஓர் அரை ஸ்வரத்தைச் செருகினார். பாருக்கு ஒரு ஸ்வரமாக எட்டுப் பார்: ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, ஏ ஷார்ப், பி, மறுபடி கீழ் பி, ஈ. அந்த ஏ ஷார்ப்தான் ரொமான்டிக் காலம். அதை எடுத்துவிட்டுப் பாடிப் பார், பழைய கோயில் இசையாகிவிடும். சேர்த்துப் பாடு, நெஞ்சில் ஒரு இறுக்கம் ஏறும்.

முப்பது வேரியேஷன், கடைசியில் ஒரு கோடா, அதாவது முடிப்புப் பகுதி. கருப்பொருள் முதலில் மேல்வரியில் வருகிறது. முதல் மூன்று பகுதியிலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த டிராம்போன்கள் இங்கேதான் சேர்கின்றன. நான்காம் வேரியேஷன் வாக்கில் கருப்பொருள் பேஸுக்கு இறங்கிவிடும், அங்கே போய்த் தேடு. 12ஆவதில் புல்லாங்குழல் தனியாக வருமிடத்தில் பாரின் நீளம் இரட்டிப்பாகிறது. எண்ணிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் வழி தவறும் இடம் இதுவே. அங்கே எட்டை இரண்டு மடங்கு மெதுவாக எண்ணு. 13 முதல் 15 வரை ஈ மேஜர். 14இல் டிராம்போன்கள் மெதுவாகக் கோரல் (தேவாலயக் கூட்டுப்பாட்டு) போல வரும். 16இல் கருப்பொருள் பழைய வேகத்தில் முழு பலத்தோடு திரும்பும். ஏதோ புதிதாகத் தொடங்குவது போலிருக்கும். 24, 25, 26 மூன்றும் முதல் மூன்றை நினைவுபடுத்துகின்றன. தொடக்கம், விலகல், திரும்புதல்: பாக்கின் வடிவத்துக்குள் மோட்ஸார்ட்டின் சொனாட்டாவின் எலும்புக்கூட்டை வைத்திருக்கிறார். நடத்துநர் கார்லோஸ் கிளைபர் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு பதிவுசெய்ததைக் கேள். வேகம் தளராமல் போவார். சில நடத்துநர்கள் ஒவ்வொரு வேரியேஷனையும் தனித்தனியாக ரசித்து இழுப்பார்கள், அப்போது முப்பது துண்டாகிவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் சுருதிப்பிடி தளர்ந்த பிறகு இந்த வடிவம் பெருகியது. ஸட்ஜம் என்ற ஊன்றுகோல் போனதும், திரும்பி வருவதாக வேறு ஏதாவது வேண்டியிருந்தது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் வேபர்னின் முதல் ஓபஸே (எண்ணிட்ட படைப்பே) பாசகாலியாதான், 1908. எட்டு ஸ்வரம், மீட்டொலி, ஒவ்வொன்றுக்கும் நடுவே மௌனம். பிராம்ஸைக் கேட்ட காதுக்கு இது பேரக்குழந்தை என்று தெரியும். பெர்க்கின் ‘வொட்செக்’ ஆபெராவில் மருத்துவர் வரும் காட்சி 12 ஸ்வரக் கருப்பொருளின் மேல் 21 வேரியேஷன். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் ‘பீட்டர் கிரைம்ஸ்’ ஆபெராவின் இடையிசையில் (1945) 11 அடி நீளப் பேஸை நான்கு அடித் தாளத்தில் வைத்தார். அதனால் ஒவ்வொரு தடவையும் அது பாரின் வேறு அடியில் தொடங்குகிறது. எண்ணிப் பிடிக்க முயலாதே. கருப்பொருளின் உருவத்தைப் பிடி.

கடைசியாக ஷோஸ்டகோவிச்சின் முதல் வயலின் கான்செர்ட்டோ. 1947–48இல் எழுதினார். 1948இல் சோவியத் கட்சி இசையமைப்பாளர்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டபின் அதை மேடையேற்றாமல் வைத்திருந்தார். 1955 அக்டோபரில்தான் லெனின்கிராடில் வயலின் கலைஞர் ஓய்ஸ்ட்ராக் வாசித்தார். மூன்றாம் பகுதி பாசகாலியா. கருப்பொருள் 17 பார். 16 என்று எதிர்பார்க்கிற காதை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பார் அதிகம் காக்க வைக்கிறது. கீழ்த்தந்திகள் முழங்க, மேலே ஹார்ன்கள். வயலின் நெடுநேரம் அதன்மேல் தன் வரியைப் பாடிவிட்டு, உச்சத்தில் அந்தக் கருப்பொருளையே ஆக்டேவில் (கீழ், மேல் ஸ்தாயி இரண்டையும் சேர்த்து) பற்றிக்கொள்கிறது. பிறகு ஆர்கெஸ்ட்ரா ஓய்ந்து, தனி வயலின் மட்டும் நிற்கும் நீண்ட காடென்சா.

கேட்கும் முறை ஒன்றுதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாதே. ஒரு படைப்பை மூன்று முறை கேள். முதல் முறை பேஸை மட்டும், கூடவே முணுமுணுத்து. இரண்டாம் முறை விரற்கணுவில் சுற்றுகளை எண்ணு. மூன்றாம் முறை பேஸை விட்டுவிட்டு மேலே போ. அது தானாக உள்ளே ஓடும். பர்சல், பாக்கின் ஆர்கன், மோட்ஸார்ட், பீட்டோவன் மூன்றாம் சிம்பொனி, பிராம்ஸ், ஷோஸ்டகோவிச் என்ற வரிசை போதும். வயலின் ஷக்கானைப் பிராம்ஸுக்குப் பிறகு வை. பேஸ் மறைந்து வருவதைப் பிடிக்க அதற்குள் காது பழகியிருக்கும். ஸ்கோர் (எழுதிய ஸ்வரக் குறிப்பு) பார்க்க ஆசையானால் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசை நூலகத்தில் பிராம்ஸ் வரை இலவசமாகக் கிடைக்கும். பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிராம்ஸின் எட்டு ஸ்வரத்தை அவளை பியானோவில் வாசிக்கச் சொல். ஏ ஷார்ப் இல்லாமல் ஒருமுறை, அதோடு ஒருமுறை. அவளுக்கு என்ன தோன்றியது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
கமலா