கார்லோ சினெல்லிக்கு ஒரு பேர் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஐரோப்பா மியூசியங்கள் பத்தி வந்த கட்டுரையில, ஓரமா ஸ்டாம்ப் சைஸுக்கு ஒரு படம் போட்டிருந்தீங்க. கறுப்பா நாலு மனுஷங்க, மேல ஒரு பறவை, அதுக்குக் கீழ "இத்தாலி மனநோயாளி ஒருவரின் கிறுக்கல்"னு ஒரு வரி. அவ்ளோதான், பேர் கிடையாது. பார்த்ததும் மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, ஏன்னா அந்த மனுஷனோட படங்களை நான் நேர்ல நின்னு பார்த்திருக்கேன்.

அவர் பேர் கார்லோ சினெல்லி. 1916ல வெரோனா பக்கத்துல சான் ஜொவான்னி லுபடோட்டோங்கற ஊர்ல பொறந்தவர். சின்ன வயசுலயே அம்மா போயிட்டாங்க, 9 வயசுல பண்ணை வேலைக்கு அனுப்பிட்டாங்க, அப்புறம் வெரோனாவுல கறி வெட்டற இடத்துல வேலை, அப்புறம் பட்டாளம். மலைப் படையில சேர்ந்து ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போனவர் திரும்பி வந்தப்போ பழைய ஆளா இல்ல. 1947ல வெரோனா சான் ஜாக்கமோ மனநல ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அங்க சுவத்துல செங்கல் துண்டை வெச்சு கீறிக்கிட்டே இருப்பாராம், பேப்பர், பெயிண்ட் எல்லாம் யாரும் குடுக்கல.

1957ல மைக்கேல் நோபிள்னு ஒரு ஸ்காட்லாந்து சிற்பி அந்த ஆஸ்பத்திரிக்குள்ளயே ஒரு வரையற ரூம் ஆரம்பிச்சார். இப்படி வரை அப்படி வரைன்னு யாருக்கும் சொல்லல, தாளும் கலரும் குடுத்துட்டு விட்டுட்டார். 31 வருஷம் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்த எனக்கு இந்த இடத்தைப் படிச்சப்போ சுருக்குனு இருந்துச்சு, நாங்கல்லாம் போர்டுல ஒரு குடத்தை வரைஞ்சுட்டு அதே மாதிரி வரலைன்னா மார்க்கை வெட்டினவங்க. கார்லோ அந்த ரூம்ல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரைக்கும் உட்கார்ந்து வரைஞ்சிருக்கார், அதுவும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, பத்து வருஷத்துக்கு மேல. தானா கத்துக்கிட்டவர்னா சும்மா கை போன போக்குல வரைஞ்சவர்னு நினைச்சுடக் கூடாது சார், அந்த எட்டு மணி நேரந்தான் அவரோட பள்ளிக்கூடம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்கு சுவிட்சர்லாந்து போயிருந்தப்போ லொசான்ல இருக்கற ஆர்ட் ப்ரூட் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனா. ஆர்ட் ப்ரூட்னா, முறையா ஓவியம் படிக்காதவங்க தானா வரைஞ்ச படங்கள். ழான் துபுஃபேங்கற பிரெஞ்சு ஓவியர், ஆஸ்பத்திரி, ஜெயில்னு ஒதுக்கி வெச்ச எடத்துல இருந்தவங்க படங்களையெல்லாம் தேடித்தேடி சேர்த்தார், அந்தச் சேகரிப்புதான் 1976ல அங்க மியூசியமா திறந்தது. அங்கதான் கார்லோ படத்துக்கு முன்னாடி போய் நின்னேன். பெரிய சைஸெல்லாம் இல்ல, நம்ம பசங்க வாங்கற சார்ட் பேப்பர்ல பாதி இருக்கும். டெம்பரா கலர், நம்ம போஸ்டர் கலர் மாதிரிதான், காய்ஞ்சா பளபளப்பில்லாம மங்கலா நிக்கும். நாலு ஆளுங்க வரிசையா, எல்லாருமே பக்கவாட்டுல, ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு, தலையில இறகு வெச்ச தொப்பி. உடம்புல வட்ட வட்டமா ஓட்டை. குண்டு பாய்ஞ்ச ஓட்டைன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அப்படி ஒரே அர்த்தத்துல அடைக்க மனசு வரல, அந்த ஓட்டை இல்லன்னா அவ்ளோ கறுப்பும் மூச்சு முட்டிப் போயிருக்கும்னுதான் என் கண்ணுக்குத் தோணுச்சு.

கிட்டப் போய் பார்த்தா ஒரு தொப்பியோட விளிம்பு பக்கத்து ஆளோட தொப்பியைத் தொடாம ஒரு நூல் இடைவெளியில நிக்குது, ஸ்கேல் வெச்ச அடையாளம் கிடையாது. சின்னப்பையன் வரையற மாதிரி இருக்குன்னு கட்டுரையில எழுதியிருக்காரே, அவரையே ஒரு பிரஷ் எடுத்து ஒரே உருவத்தை அளவு மாறாம நாலு தடவை வரைஞ்சு பார்க்கச் சொல்லுங்க. நான் வீட்டுக்கு வந்து முயற்சி பண்ணினேன், மூணாவது ஆளுக்கே தோள் சரிஞ்சு போச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். கார்லோ ஒரு பக்கம் வரைஞ்சு முடிச்சா தாளைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கமும் வரைவார், நிறைய தாள் அப்படித்தான் ரெண்டு பக்கமும் ரொம்பி இருக்கு. ஒரு பக்கத்தை மாட்டினா இன்னொரு பக்கம் சுவத்தைப் பார்த்து நிக்கும். அதனால நீங்க போட்ட படத்துக்குப் பின்னாடியும் ஒரு படம் இருக்கலாம். பின்னாடி வருஷங்கள்ல உருவங்களுக்கு நடுவுல எழுத்தும் வார்த்தையுமா வேற சேர்ந்துக்கும். வாயால பேசறது யாருக்கும் சரியா புரியாத ஒருத்தர் தாள் பூரா எழுதி வெச்சிருக்கார் சார், அதைப் போய் கிறுக்கல்னு போட்டா எப்படி?

அவர் 1974ல இறந்துட்டார். இத்தாலியில மனநல ஆஸ்பத்திரிகளையெல்லாம் மூடச் சொல்லி சட்டம் வந்ததே 1978லதான், அதாவது அவர் வரைஞ்ச அவ்ளோ படமும் உள்ள இருந்தபடியே வரைஞ்சது. அவருக்கு நோய் இருந்ததை மறைக்கச் சொல்லி நான் கேக்கல, கட்டுரைக்குள்ள தாராளமா எழுதுங்க. ஆனா படத்துக்குக் கீழ அது மட்டும் இருக்கறது நியாயம் இல்ல, அதே பக்கத்துல வான் கோ படத்துக்குக் கீழ அவர் பேரையும் வருஷத்தையும் தானே போட்டிருந்தீங்க, அவரும் ஆஸ்பத்திரியில இருந்தவர்தானே.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு சின்ன திருத்தம் போடுங்க. பெரிய இடம் வேண்டாம், "கார்லோ சினெல்லி, இத்தாலிய ஓவியர், 1916–1974, தாளில் டெம்பரா"ன்னு ஒரு வரி. முடிஞ்சா படத்தை இன்னும் கொஞ்சம் பெருசா, அந்த ஓட்டைகள் தெரியற அளவுக்காவது போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர்,
கும்பகோணம்.