தடயத்தை அழித்துவிடாதீர்கள்: கணினி சர்வீஸ் கடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி சர்வீஸ் கடைகளில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். விளையாடிக்கொண்டிருக்கும்போதே கேம் பாதியில் நின்றுவிடுகிறது என்று யாராவது சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தால், பல கடைகளில் முதலில் வரும் பதில் "ஃபார்மேட் போட்டுப் பார்க்கலாம்" என்பதுதான். தயவுசெய்து அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். லீவில் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் ஒரு கணினி அசெம்பிள் செய்தான். எந்த கேமைத் திறந்தாலும் இருபது நிமிடம்தான் தாங்கும். அப்புறம் திரை உறைந்து, டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். கடையில் இரண்டு முறை ஃபார்மேட் போட்டார்கள். பிறகு கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார்கள். அக்கா சீட்டுப் பணத்தை எடுத்து 18,000 ரூபாய்க்குப் புதுக் கார்டு வாங்கிக் கொடுத்தாள். மாட்டிய அன்றே, அதே இருபதாவது நிமிடத்தில், அதே மாதிரி நின்றது. அம்மாவிடம் சொல்ல மனம் வராமல் மொட்டைமாடிக்குப் போய் எனக்குப் போன் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து, ராமின் வேகத்தை 3200லிருந்து 2133க்கு இறக்கிப் பார்த்தோம். பலன் இல்லை. சரி என்று இரண்டு ராமில் ஒன்றைக் கழற்றிவிட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினோம். முதல் ராம் நான்கு சுற்றும் சுத்தம். இரண்டாவதைப் போட்டோம். ஏழாவது நிமிடத்தில் பிழை என்று ஒரு சிவப்பு வரி வந்தது, அப்புறம் திரை முழுக்கச் சிவப்பு. பையன் ஒன்றும் பேசாமல் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ராமுக்கு வாரண்டி பாக்கி இருந்தது, செலவில்லாமல் மாற்றிக் கிடைத்தது. ஆனால் 18,000 ரூபாய் திரும்பவில்லை.

ராம் தப்பான எண்ணைத் திருப்பிக் கொடுத்தால் கேமுக்கு அது தெரியாது. அதை நம்பி, இல்லாத முகவரிக்குப் போய் விழும். விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் அது மாறாது. அதைவிட எனக்கு வருத்தம், ஃபார்மேட் போட்டதும் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் இருந்த பதிவெல்லாம் போய்விட்டது என்பதுதான். எப்போது, எப்படி நின்றது என்று கணினியே எழுதி வைத்திருந்ததைப் படிக்காமலே அழித்துவிட்டோம்.

அந்தப் பதிவு நிறையச் சொல்லும். கெர்னல்-பவர் 41 என்று இருந்தால், கணினி முறையாக அணையாமல் நின்றிருக்கிறது. அது காரணத்தைச் சொல்லாதுதான். ஆனால் கூடவே விண்டோஸ் பிழையில் நிற்கும்போது காட்டும் நீலத்திரையோ, அப்போது எழுதி வைக்கும் டம்ப் கோப்போ எதுவும் இல்லாவிட்டால், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி வைத்துப் பார்ப்பது நல்லது. 4101 என்ற எண் இருந்தால், கிராஃபிக்ஸ் கார்டு 2 வினாடிக்குள் பதில் தராததால் விண்டோஸ் அதை இயக்கும் டிரைவரை மறுபடி எழுப்பியிருக்கிறது. டிரைவர், சூடு, ஓவர்கிளாக் (அளவுக்கு மேல் வேகத்தைக் கூட்டுவது) மூன்றையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கேம் மட்டும் நின்றால், கேம் வாங்கும் ஸ்டீம் செயலியிலேயே கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது.

திரையில் வரும் பிழைச் செய்தியை மட்டும் நம்பிப் பொருளை மாற்றாதீர்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் செய்த பல கேம்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி நின்றன. கார்டில் மெமரி தாராளமாக இருந்தது. கேம் தொடங்கும்போது சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும் கணக்கைப் பிராசசர் தப்பாகப் போட்டதுதான் காரணம். அளவுக்கு மீறிய வோல்டேஜ் போகிறது என்று 2024 ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டது, ஆகஸ்டில் பிராசசரின் உள் கட்டளைகளான மைக்ரோகோடுக்குத் திருத்தம் வந்தது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். திருத்தம் பயாஸ் அப்டேட்டோடுதான் வரும் என்பதால், அந்த பிராசசர் உள்ள கணினி வந்தால், பயாஸ் எந்தத் தேதியது என்று முதலில் பாருங்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. மேசையில் பத்து கணினி வரிசையில் நிற்கும். மெம்டெஸ்ட் ஓட்டினால் ஒரு ராத்திரியே போய்விடும். வாடிக்கையாளர் சாயங்காலமே வேண்டும் என்பார். அதனால் சோதனைக்கென்று தனியாக 500 ரூபாய் கேளுங்கள், இரண்டு நாள் ஆகும் என்றும் சொல்லிவிடுங்கள். தேவையில்லாத கார்டுக்கு 18,000 கொடுத்த குடும்பம் அந்த 500ஐ மனமாரக் கொடுத்திருக்கும்.

கணினியை வாங்கி வைக்கும்போதே கேளுங்கள்: டெஸ்க்டாப்புக்கு வந்ததா, தானாக ரீஸ்டார்ட் ஆனதா, எத்தனை நிமிடம் கழித்து, எல்லா கேமிலுமா? பதிலை ஜாப் ஷீட்டில் எழுதுங்கள். பொருளை மாற்றச் சொல்வதற்கு முன், கடையில் இருக்கும் வேறொரு ராமையும் கார்டையும் மாட்டி ஒரு மணி நேரம் அதே கேமை ஓட்டுங்கள். என்ன சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று பில்லின் பின்பக்கத்திலாவது இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்