மாணவர் ஐக்கியத்தின் ஆண்டறிக்கை, 2024–2025

சேகரகுரு ஐயா அவர்களுக்கும், சேகர கமிட்டியாருக்கும், பெற்றோருக்கும், ஐக்கியத்தின் தம்பி தங்கைகளுக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

சனிக்கிழமைக் கூடுகை, விடுமுறை வேதாகமப் பள்ளி, அசனப் பந்தியில் பரிமாறியது, கேரல் ரவுண்ட்ஸ் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அவை நீங்கள் கூட இருந்து பார்த்தவை. ஆகவே செப்டம்பரில் நம் பிள்ளைகள் 14 பேர் யாழ்ப்பாணம் போய்வந்ததையே விரிவாகச் சொல்கிறேன்.

ஏன் யாழ்ப்பாணம் என்று கமிட்டியில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1902-ல், பிற்பாடு பேராயரான நம் வெள்ளாளன்விளை அசரியா யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களாகவே ஒரு சங்கம் வைத்து, காசு சேர்த்து, கடலுக்கு இந்தப் பக்கம் நம் தொண்டிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவர் மனதைத் தைத்தது. மறு வருஷமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம் வீடுகளில் அரிசிக் காணிக்கை எடுத்து வளர்த்த ஊழியத்துக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து மாணவர்கள் இருக்கிறார்கள். இதை நம் பிள்ளைகள் நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

நாகப்பட்டினத்தில் கடல் சரியில்லாமல் ஒரு நாள் காத்திருந்தோம். மறுநாள் கப்பல் ஏறி நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. பாதிப் பேருக்கு வாந்தி. மானிப்பாய் பக்கம் ஒரு சபையில் தங்கினோம். ஞாயிறு பள்ளி அறைக்கு வெள்ளையடித்தோம், மாலையில் சிறுபிள்ளைகளுக்குப் பாட்டும் கணக்கும் சொல்லிக்கொடுத்தோம். 1847-ல் அமெரிக்காவிலிருந்து மிஷனெரியாக வந்த டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த ஊர் அது. நர்சிங் படிக்கும் நம் தங்கைகள் இருவரும், "தமிழிலயா அண்ணே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இரண்டு மாதம் ஒத்திகை பார்த்துக் கெட்ட குமாரன் நாடகம் கொண்டுபோயிருந்தோம். வீட்டைவிட்டுப் போய்ச் சொத்தை அழித்து, பன்றி மேய்த்து, கடைசியில் திரும்பிவரும் மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும், இயேசு சொன்ன கதை அது. முதல் நாள் மாலை அந்தச் சபைப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, இதிலை பிள்ளையைத் துலைச்ச தாய்மார் இருக்கினம். இந்தக் கதை வேண்டாம்" என்றார். யுத்தத்தில் காணாமல்போன பிள்ளைகளுக்காக இன்னும் காத்திருக்கிறவர்கள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காதது என் தப்பு. நாடகத்தை விட்டுவிட்டோம்.

நாலாம் நாள், நமக்குப் புட்டும் தேத்தண்ணியும் தந்துகொண்டிருந்த ஒரு ஆச்சி அதைப் பற்றிக் கேட்டார். அவர் மகன் 2009-ல் போனவர், இன்றுவரை தகவல் இல்லை. "ஏன் நிப்பாட்டினியள்? அந்தத் தகப்பன் பாதையைப் பாத்துக்கொண்டு இருந்தவர்தானே. நானும் அப்பிடித்தான் இருக்கிறன். என்ரை முத்தத்திலை வந்து செய்யுங்கோ."

கிடுகு வேலிக்குப் பக்கத்தில், ஒரு பல்பு வெளிச்சத்தில் செய்தோம். அக்கம்பக்கத்தார் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். பன்றியாக நடித்தவன் உறுமியபோது ஆச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். மகன் திரும்பிவரும் இடம் வந்தது. தகப்பனாக நடித்த தம்பி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் நின்றுவிட்டான். வசனம் வரவில்லை. ஆச்சி எழுந்து, "ஓடு ராசா, ஓடு" என்றார்.

அந்தத் தம்பி இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அப்பா இறந்தபின் இரண்டு வருஷமாக ஜெபிக்கவே முடியவில்லை என்றும், வெளிநாடு பார்க்கத்தான் பெயர் கொடுத்தேன் என்றும் பிறகு என்னிடம் சொன்னான். அன்று ராத்திரி ஆச்சியிடமும் சொல்லியிருக்கிறான். "வரேல்லையெண்டால் விடு. நான் சொல்லுறன், நீ பக்கத்திலை இரு" என்றாராம். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு எட்டிப் பார்த்தேன். திண்ணையில் ஆச்சி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் இவன் சும்மா உட்கார்ந்திருந்தான். கிளம்பும் நாள் வரை தினமும் அப்படித்தான்.

திரும்பும் கப்பலில் ஒருவருக்கும் வாந்தி இல்லை, நாகப்பட்டினம் வரும்வரை பாட்டுதான். என் பத்து வருஷ ஐக்கிய வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகப் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. அந்தத் தம்பி இப்போது சனிக்கிழமைக் கூடுகையில் ஆரம்ப ஜெபம் செய்கிறான், இரண்டே வரி. வாரம் ஒருமுறை ஆச்சிக்குப் போன் போடுகிறான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பயணத்துக்குக் காணிக்கை தந்தவர்களுக்கும், துணையாக வந்த அக்காமார் இருவருக்கும் நன்றி. அடுத்த மே மாதம் மானிப்பாய்ப் பிள்ளைகளை இங்கே அழைக்க எண்ணியிருக்கிறோம், தங்க இடம் தரக்கூடிய வீட்டார் என்னிடம் சொல்லுங்கள். தொண்டிக்கும் கூட்டிப்போக வேண்டும். போன தடவை பாஸ்போர்ட் நேரத்துக்கு வராமல் இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டே நின்றுவிட்டார்கள். அதனால் அடுத்த பயணத்துக்கு ஆசையுள்ளவர்கள் தயவுசெய்து இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
செயலர்